காலர் அளவில் ஒரு வயிறு

"இதுக்கு முன்னாடி ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?" என்று கேட்டார் அட்மிஷன் சிஸ்டர். கண்ணைப் படிவத்திலிருந்து எடுக்கவில்லை.

"கல்யாணம் ஒண்ணுதான் சிஸ்டர்," என்றார் டெய்லர். "அதுவும் மயக்க மருந்து குடுக்காமலே பண்ணிட்டாங்க."

முப்பது வருஷமாகக் கடையில் விலைபோகும் ஜோக் அது. பேண்ட் இடுப்பைப் பிரிக்கக் கொடுக்க வரும் புது மாப்பிள்ளைகளுக்கென்றே வைத்திருந்தார். சிரிக்காமல் போனவர்கள் இல்லை. சிஸ்டர் சிரிக்கவில்லை. அன்று காலையில் அவர் நிரப்பிய பத்தொன்பதாவது படிவம் அது. 'இல்லை' என்ற கட்டத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு, "தொழில்?" என்றார்.

"ஆல்ட்ரேஷன்."

"டெய்லரா?"

"டெய்லர்னா புதுசா தைக்கிறவன். அவன் தப்பாத் தைச்சதைப் பிரிச்சுச் சரி பண்றவன்தான் ஆல்ட்ரேஷன்."

சிஸ்டர் அதை எழுத்துப் பிசகாமல் எழுதிக்கொண்டார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, எந்த மாத்திரையாவது ஒத்துக்கொள்ளாதா என்று மற்றக் கேள்விகள் வந்தன. 'இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் புண் என்று சொல்லி என் வயிற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள் சிஸ்டர், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்' என்று டெய்லர் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். தன் தொழிலைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில் மறந்துவிட்டார். மனைவி பக்கத்தில் இருந்திருந்தால் முழங்கையால் ஓர் இடி இடித்திருப்பாள். அவள் ஸ்கேன் ரிப்போர்ட்டை நகலெடுக்கக் கீழ்த்தளத்தில் வரிசையில் நின்றாள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை வருகிறது என்ற சாக்கு உண்டு. டெய்லர் சும்மாவே கத்தினார்.

ஒரு மாதமாகவே அவருக்கு உடம்பு சரியில்லை. முதலில் அரிப்பு. அளவெடுக்கும் டேப்பாலேயே முதுகைச் சொறிந்துகொண்டார். பிறகு சிறுநீர் கடுந்தேநீர் நிறத்துக்குப் போனது. கண் மஞ்சளானபோது, பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்து அவர் இமையை இழுத்துப் பார்த்தாள். குளிர்ஜுரம் வந்த அன்று கடையை அவளே பூட்டினாள். ஸ்கேனில் பித்தக்குழாயில் இரண்டு கல் என்று வந்தது.

"பெத்த மனசு பித்து, பிள்ளை மனசு கல்லுன்னு சொல்வாங்க," என்றாள் அவள். "உங்களுக்கு ரெண்டும் ஒரே குழாய்க்குள்ள கிடக்கு."

வெட்ட வேண்டாம் என்றார்கள். வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, அதன் முனையில் இருக்கும் கேமரா வழியாகப் பார்த்து, பித்தக்குழாயின் வாயைத் திறந்து கல்லை வழித்து எடுத்துவிடலாம். மறுநாள் வீட்டுக்குப் போகலாம். இதைச் சொன்னவர் குழாய் விடும் டாக்டர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. 'காலர் மட்டும் கால் இஞ்ச் பெரிசு' என்று டெய்லர் மனதுக்குள் குறித்துக்கொண்டார். அந்த இடத்திலேயே அவருக்கு 'டியூப் டாக்டர்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது தொண்டையில் அரம் வைத்துத் தேய்த்ததுபோல் இருந்தது. வயிறு ஊதிக் கிடந்தது.

"கல்லைக் காட்டுங்க டாக்டர்," என்றார் டெய்லர். "பாபின் டப்பாவுல போட்டு வச்சுக்கறேன்."

"கொஞ்சம் டெக்னிக்கல் டிஃபிகல்ட்டி," என்றார் டியூப் டாக்டர். "பார்த்துக்கலாம்."

"வந்துச்சா, வரலையா?"

"பார்த்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவர் கால் இரண்டும் திரும்பின பிறகுதான் வாய் பேசி முடித்தது.

அதற்கப்புறம் மூன்று நாள் அந்த வார்டில் டெய்லர் கேட்காத ஆள் இல்லை. உள்ளே என்ன ஆச்சு? காலை ரவுண்டில் வந்தவர், "சார் சொல்வாரு" என்றார். மாலையில் வந்தவர், "காலையில சொல்லலையா?" என்றார். டிரிப் பாட்டில் மாற்ற வந்த சிஸ்டர், "நல்லாருக்கீங்க தாத்தா, ஏன் கவலைப்படறீங்க?" என்றார். கல்லைவிட அந்தத் தாத்தாதான் அதிகம் வலித்தது. அறுபத்தொன்று ஒரு வயதா?

ஆறு கட்டில் உள்ள வார்டு. டெய்லருடையது ஜன்னலோரம். கீழே சலவைக் கொல்லையில் பச்சைத் துணிகள் காயும். அவற்றின் ஓரத் தையல் எல்லாமே கோணல் என்பது மேலிருந்தே தெரிந்தது. கொடுத்திருந்த அங்கியோ, முன்பக்கம் கழுத்து வரை மூடி, பின்பக்கம் உலகத்துக்கே திறந்து கிடந்தது. முடிச்சுப் போட வேண்டிய நாடாவில் ஒன்று இல்லை. ஊசி நூல் கொண்டுவரச் சொல்லித் தன்னுடையதைச் சரிசெய்தவர், பக்கத்துக் கட்டில்காரருடையதையும் வாங்கித் தைத்துக் கொடுத்தார். ஜுரம் மாலைக்கு மாலை வந்து போனது.

இரண்டாம் நாள் கட்டில் காலடியில் தொங்கிய அட்டையை எட்டி எடுத்துப் பார்த்தார். டாக்டர் கையெழுத்து. புழு ஊர்ந்ததுபோல் இருந்த ஆங்கிலத்தில் ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. கடைப் பலகையில் முப்பது வருஷமாகப் பார்த்த சொல். ஆல்டர்ட்.

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "என் தொழிலை ஞாபகமா எழுதியிருக்காங்க. மரியாதை தெரிஞ்ச ஆளுங்க."

"அது தொழில் எழுதற இடமா? நடுவுல எழுதியிருக்கு."

"நடுவுல எழுதினா என்ன? கேஸ் பெரிய ஆளுன்னு தெரியட்டும்."

அந்த மரியாதையில் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். மூன்றாம் நாள் காலையில் ஆபரேஷன் டாக்டரம்மா வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த அம்மாள் அங்கியை விலக்கி வயிற்றைப் பார்த்தார். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரைக்கும் ஒரு வடு. ஜிப் வைக்கக் கோடு போட்டதுபோல் நேராக, குறுக்கே பதினான்கு தையல் புள்ளிகளோடு.

"இது எப்ப பண்ணது?"

"இருபத்தாறு வருஷம் ஆச்சும்மா. புண்ணு முத்தி வயித்தோட வாசல் அடைச்சுப்போச்சு. வெட்டி எடுத்துட்டாங்க."

"இதைத்தான் உங்க சார்ட்ல ஆல்டர்ட், அதாவது மாத்தி அமைச்சதுன்னு போட்டிருக்கு. உங்க உள்பக்கம் மத்தவங்க மாதிரி இல்ல. வயித்தைக் கொண்டுபோய்க் குடல்ல வேற இடத்துல சேர்த்திருக்காங்க. பாதை மாறிப்போயிருக்கு. குழாய் விட்டுப் பார்த்து முடியலைன்னு எழுதியிருக்கார். அதனால வெட்டித்தான் கல்லை எடுக்கணும். வெள்ளிக்கிழமை போட்டுக்கலாம்."

டெய்லருக்குக் கடைப் பலகை கண்முன் வந்தது. முப்பது வருஷமாகத் தெருவில் மாட்டி வைத்திருந்தது தன் வயிற்றின் விலாசத்தையா?

"மறுபடி வெட்டறதுன்னா எப்படிம்மா?"

"ஏற்கனவே வெட்டின இடம். உள்ள எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுத்தான் போகணும். ரிஸ்க் இருக்கு. வேற வழி இருந்தா நானே சொல்லியிருப்பேன்."

அந்த அம்மாள் மேல் டெய்லருக்குக் கோபம் வரவில்லை. ஒருமுறை பிரித்த தையலை இன்னொருமுறை பிரித்தால் துணி என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நூல் வராது, துணிதான் வரும். போன தடவை நான்கு மாதம் படுத்துக் கிடந்தார். மனைவி பகலெல்லாம் மெஷின் மிதித்தாள். மிதித்த காலோடு வந்து அவரைத் தூக்கி உட்காரவைத்தாள். இப்போது அவளுக்கு முழங்கால் தேய்ந்துபோய், மாடிப்படியைப் பார்த்தாலே பெருமூச்சு விடுகிறாள். வெட்டினால் எழுந்திருப்பாரா என்பது ஒரு கேள்வி. எழுந்திருக்கிறவரைக்கும் அவள் தாங்குவாளா என்பதுதான் பெரிய கேள்வி. டாக்டரம்மா போன பிறகு அவள் போர்வை ஓரத்தில் தொங்கிய நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் மச்சான் வந்தார். மனைவியின் தம்பி. தபால் ஆபீஸில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததற்குப் பழிவாங்குவதுபோல், ஓய்வுக்குப் பிறகு புகார்க் கடிதமாக எழுதித் தள்ளுகிறவர். வந்ததும் அட்டையை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் இரண்டு முறை ஏற்றி இறக்கி, டாக்டர் கையெழுத்தை வாசிக்க ஆரம்பித்தார். விலாசமே இல்லாத கவர்களையும் கொண்டுபோய்ச் சேர்த்த கண்.

"மாமா, இதை யாராவது உங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"

"ஆல்டர்ட் வரைக்கும் எனக்கே தெரியும் மாப்ளே."

"அதுக்குக் கீழ, தமிழ்ல சொல்றேன். 'குழாயை விட்டும், பாதை தெரியாததால் முடியவில்லை. முந்தைய அறுவை சிகிச்சை பற்றிய தகவலை நோயாளி மறைத்துவிட்டார். நோயாளியின் ஒத்துழைப்பு போதவில்லை.' இதுதான் எழுதியிருக்கு."

டெய்லர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரிப் குழாய் இழுபட்டது.

"மறைச்சேனா?"

"அப்படித்தான் இருக்கு."

"நானா?"

"நோயாளின்னா நீங்கதானே மாமா."

டெய்லருக்குப் பித்தம் ஏற்கனவே உடம்பெல்லாம் ஏறியிருந்தது. இப்போது தலைக்கும் ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையைக் கேட்டிருக்கிறார். ஒரு சாண் நீள வடுவை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு மறைத்த ஆளாகத் தன்னையே இப்போதுதான் பார்க்கிறார்.

"ஜோக் அடிச்சேன். தப்புதான். அதுக்கு என்னை உதைக்கட்டும். ஆனா ஸ்கேன் எடுத்த பொண்ணு இந்த வடு மேலயே ஜெல்லைத் தடவி மூணு தரம் தேய்ச்சுது. ஈசிஜி எடுத்தவன் இதுக்குப் பக்கத்துலயே கிளிப் மாட்டினான். வார்டு டாக்டர் போர்வைக்கு மேலயே வயித்தை அமுக்கிட்டு 'வலிக்குதா'ன்னு கேட்டுட்டுப் போனாரு. இத்தனை பேருக்கும் கண்ணு இல்லையா? என் கடைக்கு ஒரு பாவாடை வந்தாக்கூட முதல் வேலையா உள்பக்கம் திருப்பிப் பார்ப்பேன். யாரு தைச்சது, எங்க பிரிச்சிருக்கு, உள்ள எவ்வளவு துணி விட்டிருக்குன்னு. திருப்பிப் பார்க்காம கத்திரி வைக்கறவன் கையில ஒருத்தனும் துணி குடுக்க மாட்டான். ஒரு பாவாடைக்கு இருக்கற மரியாதை என் வயித்துக்கு இல்லையா?"

"மெதுவா பேசுங்க," என்றாள் மனைவி.

"மறைச்சது நான் இல்லடி. அவங்க குடுத்த இந்த அங்கி. முன்னாடி இழுத்து மூடி வச்சிருக்கு. மறைக்க வேண்டியதை மறைக்கல, காட்ட வேண்டியதை மறைச்சிருக்கு. அப்புறம் ஒத்துழைக்கலையாம். மயக்க ஊசி போட்டுத் தூங்க வச்சுட்டு ஒத்துழைக்கலைன்னா, தூக்கத்துல நான் என்ன செய்யணும்? டார்ச் பிடிக்கணுமா?"

டெய்லர் தைத்துக் கொடுத்த நாடாவுக்கு நன்றியாகப் பக்கத்துக் கட்டில்காரர் உரக்கச் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சேர்த்துக்கொண்டார் டெய்லர். "இங்க என் குடல் கோணல்."

மச்சான் அதற்குள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். "மேலிடத்துக்கு எழுதறேன். நாலு பக்கம். நகல் மூணு பேருக்கு."

"எழுதிக் கிழிச்ச," என்றாள் அக்கா. "நீ நாலு பக்கம் எழுதி, அவங்க படிச்சு, பதில் போடறதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்து போயிடும். அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்க? குழாய் விட்டவரு முடியலைன்னு எழுதினதாலதான் வெட்டணும்னாங்க. அப்ப அவரு உள்ள என்ன பார்த்தாரு, எது வரைக்கும் போனாரு, எதனால திரும்பினாருன்னு தெரிஞ்சா வெட்டாம இருக்க வழி இருக்கா, இல்லையா? அதைக் கேளு முதல்ல."

மச்சான் பேனாவை மூடினார். அக்கா பேச ஆரம்பித்தால் மூடிவிடுவது அவர் சிறுவயதுப் பழக்கம்.

"அப்ப பழைய ரிப்போர்ட் இருந்தா உதவுமேக்கா. அந்தக் காலத்துல எந்த இடத்துல எதைச் சேர்த்தாங்கன்னு அதுல இருக்குமே. எங்க அது?"

டெய்லர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சலவைக் கொல்லையைக் கவனிக்க ஆரம்பித்தார்.

"அவரு ரிப்போர்ட்டா?" என்றாள் மனைவி. "இந்த ஊர்ல பாதிப் பேரு கழுத்துல இருக்கு."

"என்னக்கா சொல்றே?"

"பேப்பர் எல்லாம் கடையில தண்ணி புகுந்தப்பவே போயிடுச்சு. எக்ஸ்ரே படம் ஒண்ணு பெரிசா இருந்துச்சு. 'நல்ல ஷீட்டு, வளையாது, கிழியாது'ன்னு கிழிஞ்ச காலரை மாத்தித் தைக்க அச்சு வெட்டிட்டாரு. மிச்சத்துல பாக்கெட் மூடி, கஃப். இன்னைக்கும் அதை வச்சுத்தான் சாக்பீஸ் கோடு போடறாரு. அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டேன். 'என் வயிறு நாலு பேருக்கு உதவட்டும்'னாரு."

மச்சான் தன் சட்டைக் காலரைத் தடவிப் பார்த்தார்.

"அது புதுக் கட்டிங் அட்டை வாங்க முடியாத சமயம்," என்று ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார் டெய்லர்.

"மறைக்கல மாமா," என்றார் மச்சான். "ஊர் முழுக்கப் பரப்பியிருக்கீங்க."

மறுநாள் காலை மனைவி கடையைத் திறந்து, ஆணியில் மாட்டியிருந்த அச்சுகளை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். டெய்லர் டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, ஒட்டுப்போட்ட அங்கிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு கிளம்பினார். மச்சான் கையில் அட்டை. மூன்று பேரும் இரண்டாம் மாடியில் டியூப் டாக்டர் அறை வாசலில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே கொக்கிகளில் தொங்கும் கறுப்புக் குழாய்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் டெய்லர் உயரம் இருக்கும். 'இதில் ஏதோ ஒன்று எனக்கு ரொம்ப நெருக்கம், எதுவென்றுதான் அடையாளம் தெரியவில்லை' என்று நினைத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். மூன்று பேரையும் பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஐயா, நான் ரவுண்ட்ஸ் போகணும். சர்ஜரிக்கு மாத்தியாச்சு. இனிமே அவங்கதான் சொல்லணும்."

"அவங்க சொல்லிட்டாங்க டாக்டர். நீங்க எழுதினதைத்தான் சொன்னாங்க."

"டெக்னிக்கலா பார்த்தா..."

"டெக்னிக்கலா பார்க்க வேண்டாம் தம்பி," என்றாள் டெய்லரின் மனைவி. "இதைப் பாருங்க."

அவர் அறைக்குள் திரும்பிப் போவதற்குள் அவளும் உள்ளே போய்விட்டாள். மேஜை மேல் துணிப்பையைக் கவிழ்த்தாள். ஒரு காலர், ஒரு பாக்கெட் மூடி, இரண்டு கஃப். இருபத்தாறு வருஷத்துச் சாக்பீஸ் தூசி ஓரமெல்லாம் படிந்திருந்தது. காலரின் நடுவில் '15½' என்று ஊசி முனையால் கீறியிருந்தது.

"இது என்னம்மா?"

"இவரு வயிறு."

டாக்டர் காலரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அதன் கறுப்புக்குள் வெள்ளையாக ஒன்று, பாதி நிரம்பிய பைபோல், சாய்ந்து கிடந்தது. அவர் முகம் மாறியது. சுவரில் இருந்த விளக்குப் பலகையைப் போட்டார். காலரை அதில் வைத்தார். மனைவி வெட்டுத் துணியை அடுக்கிப் பழகிய கையால் பாக்கெட் மூடியைத் திருப்பி அதன் கீழே பொருத்தினாள். கஃப் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தாள். நடுவில் கத்திரி போன இடங்களில் வெள்ளைக் கோடாய் இடைவெளி. ஆனாலும் படம் கூடிவிட்டது.

"எப்ப எடுத்தது?" டாக்டரின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஆபரேஷன் முடிஞ்சு பத்தாம் நாள்," என்றார் டெய்லர். "வெள்ளையா சுண்ணாம்புக் கரைசல் மாதிரி ஒண்ணைக் குடிக்கச் சொல்லி எடுத்தாங்க. குடிச்சப்பவே நினைச்சேன், வீட்டுக்குத்தான் வெள்ளையடிப்பாங்க, எனக்கு ஏன்னு."

டாக்டர் விரலால் படத்தைத் தொட்டுத் தொட்டுப் போனார். பாக்கெட் மூடியில் வெள்ளைப் பை முடிந்த இடத்திலிருந்து இரண்டு குழல்கள் பிரிந்தன. இடது கஃபுக்கு ஒன்று. வலது கஃபுக்கு ஒன்று. வலது பக்கத்தது சின்ன வளைவாகத் திரும்பி மேலே ஏறியது. அந்த வளைவிலேயே அவர் விரல் நின்றுவிட்டது.

டெய்லர் அந்த விரலைப் பார்த்தார். துணியில் எங்கே தப்பு நடந்தது என்று தெரிந்துவிட்ட விரல் எப்படி நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். தன் விரலே பலமுறை அப்படி நின்றிருக்கிறது.

"டாக்டர்," என்றார். "நான் ஒரு தடவை ஒருத்தரோட பேண்ட்டுல ரெண்டு காலையும் வேற வேற நீளத்துக்கு வெட்டிட்டேன். மறுநாள் அவருக்கு வேலைக்கு இன்டர்வியூ. வந்து கேட்டாரு. 'துணி சுருங்கிடுச்சு'ன்னு சொல்லியிருக்கலாம். 'நீங்க நேரா நிக்கல, அதான் அளவு மாறிடுச்சு'ன்னு சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா அப்படிச் சொல்லியிருந்தா அவரு அதையே நம்பி, போற இடத்துல எல்லாம் ஒரு காலைச் சாய்ச்சு நின்னிருப்பாரு. நான் ஜோக் அடிச்சேன், அது என் தப்பு. இந்தப் படத்தை வெட்டினதும் என் தப்பு. ரெண்டையும் ஒத்துக்கறேன். அட்டையில 'மறைத்துவிட்டார்'னு இருக்கு பாருங்க, அதையும் வேணும்னா வச்சுக்கங்க. ஆனா 'முடியவில்லை'ங்கற ஒரு வரியைப் படிச்சுட்டு அந்த அம்மா வெள்ளிக்கிழமை என்னை வெட்டப் போறாங்க. அதனால கேக்கறேன். நாலு நாளா கேக்கறேன். உள்ள என்ன ஆச்சு?"

மச்சான் வாயைத் திறந்தார். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வெளியே யாரோ டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்தார். காலர் பெரிய சட்டையில் கழுத்து இன்னும் சின்னதாகத் தெரிந்தது.

"உள்ள போனதும் ரெண்டு வாசல் இருந்துச்சு," என்றார். "ஒரு வாசல்தான் இருக்கணும். அப்பவே எனக்குத் தெரிஞ்சிருச்சு, முன்னாடி ஆபரேஷன் ஆன வயிறுன்னு. அங்கயே நிறுத்தி, வெளிய வந்து, உங்க வீட்டம்மாவைக் கேட்டிருக்கணும். கேக்கல. ஒரு வாசல்ல போனேன். ரொம்ப தூரம் போனேன். பித்தம் வர்ற வாயே இல்ல. அது சாப்பாடு கீழ இறங்கற பாதை. தப்பான வாசல்னு அங்கதான் புரிஞ்சுது. கையில இருந்தது பக்கவாட்டுல பார்க்கற குழாய், நேரா இருக்கற சுவரு அதுக்குத் தெரியாது. இடிச்சு ஓட்டை போட்டுருவேனோன்னு பயந்து வெளிய எடுத்துட்டேன். எங்கயும் கிழியல. ரெண்டாவது வாசல்ல நான் போகவே இல்ல."

"முடியலைன்னு எழுதியிருக்கீங்களே?" என்றார் டெய்லர்.

"முயற்சியே பண்ணலைன்னு எழுதத் தைரியம் வரல."

டெய்லரின் நாக்கில் ஒரு ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக். அவர் அதை விழுங்கிவிட்டார். தொண்டை இன்னும் கொஞ்சம் வலித்தது.

"அந்த ரெண்டாவது வாசல்ல போனா கல்லு வருமா?" என்று கேட்டாள் மனைவி.

டாக்டர் விளக்குப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். கஃபில் இருந்த அந்தச் சின்ன வளைவை மறுபடியும் விரலால் அளந்தார்.

"பித்தம் வர்ற பாதை இதுதான், வளைவு நீளம் இல்லம்மா. என் சீனியர் நேரா பார்க்கற குழாயில போவாங்க. அவங்களுக்கு இந்த மாதிரி வயிறு பழக்கம். இப்பவே போய் அவங்ககிட்டயும் சர்ஜரி மேடம்கிட்டயும் நடந்ததை அப்படியே சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்கச் சொல்றேன். பத்து பேருக்குப் பண்ணினா எட்டு பேருக்கு வரும். ரெண்டு பேருக்கு வராது, அவங்களை வெட்டித்தான் ஆகணும். இவரு எட்டுலயா ரெண்டுலயான்னு எனக்குத் தெரியாது."

மச்சான் கையிலிருந்த அட்டையை டாக்டர் வாங்கி, தன் பேனாவை எடுத்து, அந்த மூன்று வரிகளையும் குறுக்கே அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு டெய்லரின் அங்கியை மெல்ல விலக்கி, வடுவை மேலிருந்து கீழ் வரைக்கும் முதல் தடவையாகப் பார்த்தார்.

"நீங்க மறைக்கல," என்றார். "நான் பார்க்கல."